நிலைக்கு வெளியே அமர்ந்தவர்

எல்லை மீறாமை என்னும் அறம் சாந்தமுள்ளவரிடம் மட்டும் குடியிருப்பதில்லை. கடுஞ்சொல்லும் சிடுசிடுப்பும் உள்ளவரிடத்தும் அது உறைவதுண்டு. ஸ்காட்லாந்து நாட்டு ஓவியர் எல்ஸ்பெத் அத்தகையவர்.

மீன்பிடித் துறையொன்றில் பிறந்து, கிளாஸ்கோவில் ஓவியம் பயின்று, 1985இல் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து மடவார் வளாகத்தில் வாடகைக்குக் குடியேறினார். ராஜபாளையத்து மில் துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, தூரிகையை விடுத்துச் சிறு கத்தியால் வண்ணத்தை அப்புவார். மேற்கு மலையைக் கருநீலமாகத் தீட்டியபோது தெருவே கூடி நகைத்தது.

“மலையா இது? அடுப்புக்கரியில்லா அப்பிக் கெடக்கு!” என்றார் அதே தெருவில் குடியிருந்த சக்ரபாணி.

“தள்ளி நில்லும். உம்ம நிழல் என் மலை மேல விழுது,” என்றார் எல்ஸ்பெத். தெருவில் கற்ற தமிழ்.

சக்ரபாணியின் அண்ணன் மனைவி பெருந்தேவி கைம்பெண். அங்குள்ள சிறு கோயிலொன்றின் பெருமாளுக்கு மாலை தொடுக்கும் கைங்கரியமே அவருக்கு உயிர். தம் மூச்சும் பூவில் படாதபடி மூக்கில் துணி கட்டித் தொடுப்பார். வீட்டில் அதற்கென ஒதுக்கிய பூவறைக்குள் பிறர் நுழையலாகாது. அக்கைங்கரியத்தைத் தம் மனைவிக்கு வாங்கிவிடச் சக்ரபாணி நெடுங்காலம் காத்திருந்தார்.

1989இல், பெருந்தேவியை வரைய எல்ஸ்பெத் அனுமதி கேட்டார்.

“பூவறை வாசப்படி மட்டும் தாண்டப்படாது,” என்றார் பெருந்தேவி.

நாற்பது நாள் காலையில் முற்றத்துக் கல்லில் அமர்ந்தே எல்ஸ்பெத் வரைந்தார். படத்தின் பாதியை அடைத்துக்கொண்டு கதவுநிலை கறுத்து நின்றது.

“மதினியோட ஒரு தோளையே காணோம்! நிலையைத்தான் வரைஞ்சிருக்கா!” என்று சக்ரபாணி தெரு கேட்கச் சிரித்தார்.

சிரித்தவரே இரண்டு நாளில் கோயில் மணியக்காரரிடம் சென்று, வெள்ளைக்காரி பூவறைக்குள் அமர்ந்து பூவை முகர்ந்தாள் என்று முறையிட்டார். விசாரித்து முடியும்வரை பெருந்தேவி மாலை தொடுக்கலாகாது என்றாயிற்று. மூன்று நாள் அவர் உண்ணவில்லை.

நான்காம் நாள் மணியக்காரர் பெருந்தேவி வீட்டுக்கு விசாரிக்க வந்தார். எல்ஸ்பெத் படத்தைத் தூக்கி வந்து அவர் முன் தொப்பென்று வைத்தார்.

“பார்க்காததை நான் வரையிறதில்ல. உள்ள இருந்தா இந்த நிலை அவங்க தோளை எப்படி மறைக்கும்?”

“படத்துல எதை வேணாலும் போடலாம்,” என்றார் சக்ரபாணி.

மணியக்காரர் பெருந்தேவியைப் பூவறையில் உட்காரச் சொல்லி, வண்ணம் சிந்திய கல்லில் தாம் அமர்ந்து நோக்கினார். பெருந்தேவியின் இடத்தோளையும் விளக்குமாடத்தின் பாதியையும் நிலை மறைத்தது, படத்தில் உள்ளவாறே.

பக்கத்து வீட்டு வேலுத்தாய் விடவில்லை. “ஏன் அண்ணாச்சி, நிலையைத்தான் வரைஞ்சிருக்கான்னு போன வாரம் சிரிச்சது நீங்கதான? அம்புட்டுக்குள்ள மறந்துபோச்சா?”

சக்ரபாணி செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். பின் ஒருநாளும் அவ்விரு பெண்களோடும் அவர் பேசவில்லை. அன்றே பெருந்தேவி மூக்கில் துணி கட்டிப் பூக்கூடை முன் அமர்ந்தார். நன்றி சொல்லப் போனவரை, “வேலை கெடுது, போங்க,” என்று விரட்டினார் எல்ஸ்பெத்.

1994இல் அவர் தம் நாடு திரும்பினார். அப்படம் இன்று அவர் தங்கை வீட்டுக் கூடத்தில் தொங்குகிறதாம். பிறர் வாசலைக் கடவாத அவர் இல்லத்து வாசலைத் துன்பம் கடவாதிருக்க. அவ்வில்லத்தில் திருமகள் நீங்காது உறைக.