சித்தி தண்ணீரில் போட்ட கல்

அம்மா போன மறு வருஷம், அப்பா மூங்கில்துறைப்பட்டிலிருந்து சித்தியைக் கட்டிக்கொண்டு வந்தார். வந்த மூன்றாம் நாளே அவள் எங்கள் ஓடைத் தண்ணீரில் குற்றம் கண்டுபிடித்தாள். மழைக்காலத்தில் கல்வராயன் மலை ஓடைகள் வரக்காப்பி நிறத்தில்தான் வரும். இலையும் வேரும் பட்டையும் ஊறி வருகிற மூலிகைத் தண்ணீர், உடம்புக்கு நல்லது என்பது எங்கள் ஊரின் தீர்ப்பு. கீழ்நாட்டுக்காரிக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

முந்தானை முடிச்சிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து, குடத்துக்குள் விட்டு நாலு சுற்றுச் சுற்றுவாள். கொஞ்ச நேரத்தில் பழுப்பாக ஏதோ திரிதிரியாகத் திரண்டு அடியில் உட்காரும். மேலே தெளிந்ததை மட்டும் மொண்டு, மணலும் கரியும் போட்ட ஓட்டைப் பானையில் ஊற்றி வடிப்பாள். அந்தக் கல் படிகாரம் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினை. அதே கல்லைத்தான் அத்தை கண் திருஷ்டிக்காகத் தன் வீட்டு வாசலில் கறுப்புக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தாள். ஊர்க்கண்ணையெல்லாம் உறிஞ்சுகிற கல்லை யாராவது குடிதண்ணீரில் போடுவார்களா?

“மருந்து வெக்கிறாடி அவ. உங்கப்பன் இப்பல்லாம் வாயே தொறக்கறது இல்ல, பாத்துக்கினுதான இருக்க?” என்றாள் அத்தை.

அப்பா முன்பும் வாய் திறந்தவர் இல்லை. ஆனாலும் சோதித்துவிடுவோம் என்று எங்கள் நாய்க்கு அந்தத் தண்ணீரை வைத்தேன். சனியன், மறுநாளே வாலை ஆட்டிக்கொண்டு அவள் பின்னால் போனது. அதற்குச் சோறு வைப்பதும் அவள்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அப்பா கைவிட்டுப் போயாயிற்று, மூன்று வயதுத் தம்பியையாவது காப்பாற்ற வேண்டும். பள்ளிக்கூட பாட்டிலில் ஓடைத் தண்ணீரைப் பிடித்து, சாமை மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்து, யாரும் இல்லாதபோது அவனுக்குப் புகட்டினேன். ஐந்தாம் நாள் அவனுக்குப் பேதி பிடித்துக்கொண்டது. கண் செருகிவிட்டது. அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கரியாலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஐயோ, தம்பியும் போய்விடுவானோ என்று நான் சாமை மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்கவைத்து அனுப்பினார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை சித்தியைப் பிடித்துக்கொண்டாள்.

“புள்ளைக்கு இன்னாத்தடி கலக்கிக் குடுத்த?”

அப்பாவும் சித்தியையே பார்த்தார். அவள் சாமை மூட்டைப் பக்கம் ஒருதரம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அன்னிக்கு வடிகட்ட மறந்துட்டேங்க. என் தப்புதான்.”

அப்பாடா, ஒப்புக்கொண்டுவிட்டாள்! இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அன்றைக்கு எனக்கு ஒரே குதூகலம்.

மறுநாள் காலையில் என் பாட்டில், சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, தெளிந்த தண்ணீரோடு சித்தியின் கையில் இருந்தது. பையில் வைக்குமுன் மூடியைத் திறந்து, என் கண்ணெதிரே அண்ணாந்து ஒரு மடக்குக் குடித்தாள். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான் செய்தாள். குடித்துக் காட்டுகிறாள் என்பது எனக்கு எட்டவில்லை. என் தண்ணீரிலும் பங்கு கேட்கிறாள், பேராசைக்காரி என்று அத்தையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.