படகில் ஆளில்லாத பக்கம்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மனுஷனைச் சந்தேகப்படவே எனக்கு நேரம் போதாது. அப்படிப்பட்டவனுக்கு நடந்தது இது, நம்பினால் நம்புங்கள்.

அறுபதுகளில் பம்பாய் தாராவியில் தோல் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்தேன். அப்பா இல்லை, தங்கச்சி பாப்பாத்திக்கு மாப்பிள்ளை பார்க்கும் பொறுப்பு என் தலையில். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன் செல்லையா அமைந்தான், அங்கேயே சயானில் லேத் பட்டறை வேலை. எல்லோருக்கும் பிடித்துவிட்டது, எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. ஞாயிறு தவறாமல் மாஹிம் உப்பங்கழியில், அந்த ஊர்க் கோலி இனத்து மீனவர் ஒருவரின் சின்னப் பாய்ப்படகை வாங்கிக்கொண்டு தனியாகப் போய்வருகிறானாம். அப்போது மதுவிலக்கு, எங்கள் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் சாராயம் காய்ச்சி, ரப்பர் ட்யூபில் அடைத்துத் தண்ணீர் வழியாகக் கடத்துவார்கள். சும்மா காற்று வாங்கவா ஒருத்தன் வாராவாரம் படகெடுப்பான்? ஒரு ஞாயிறு மத்தியானம், "நானும் வாரேன் மாப்ளே" என்று கூடவே ஏறிவிட்டேன்.

சுகம் என்றால் அதுதான் சுகம், சொல்லிவிடுகிறேன். கடல் ஓதம் ஏறிக் கழி நிறையத் தண்ணீர், பாய் காற்றைப் பிடித்ததும் தோல் நாற்றம் பின்னால் போய்விட்டது, தண்ணீர் பலகையில் சளசளவென்று பேசிக்கொண்டே வர, சதுப்பில் அடர்ந்த கண்டல் மரக்காட்டு ஓரமாகப் போனோம். உளவு பார்க்க வந்ததையே மறந்து பாட்டு முணுமுணுத்தேன் என்றால் பாருங்கள்.

அப்புறம்தான் கவனித்தேன். செல்லையா பின்னால் நடுவில் சுக்கானைப் பிடித்திருந்தான், நான் இடது ஓரத்தில். வலது ஓரத்தில் யாருமில்லை. ஆனால் படகு வலது பக்கம்தான் அழுந்தியிருந்தது. காற்றும் வலப்பக்கமிருந்துதான் அடித்தது, அப்படியானால் பாய் எங்களை இடது பக்கம் அல்லவா சாய்க்க வேண்டும்? நானும் ஒல்லி இல்லை.

"அடியிலே என்ன வச்சிருக்கே மாப்ளே?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

"ஒண்ணுமில்லாமலா இப்படித் தாழுது? என்னைக் கேணையன்னு நெனச்சியா?"

பலகையைத் தூக்கிப் பார்த்தேன், வெளியே கைவிட்டுத் துழாவினேன், ஒரு ட்யூபும் சிக்கவில்லை. கோபத்தில் அந்த வலது ஓரத்துக்கே போனேன். "அங்க வேண்டாம் அண்ணாச்சி!" என்று கத்தினான். உட்கார்ந்துவிட்டேன். என் பாரமும் சேர்ந்து அந்தப் பக்கம் இன்னும் தாழ வேண்டுமா இல்லையா? தாழவில்லை. படகு மெல்ல மறுபக்கம் சாய்ந்தது, நான் விட்டுவந்த இடம் அழுந்தியது, யாரோ எனக்கு இடம் கொடுத்து ஒதுங்கிப் போன மாதிரி. செல்லையா என்னைப் பார்க்கவில்லை. அந்தக் காலி இடத்தைப் பார்த்து, "சரி சரி, இருந்துக்கோ" என்றான் தணிந்த குரலில். 

கரையேறியதும், "யாருலே அது?" என்றேன். "படகு பழசு அண்ணாச்சி" என்று பாயைச் சுருட்டப் போய்விட்டான்.

சாராயமாக இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றிருப்பேன். இதை அம்மாவிடம் என்னவென்று சொல்ல? பாப்பாத்தியிடம் மட்டும் ஒன்றுவிடாமல் சொன்னேன். "தண்ணியக் கண்டு பயந்துட்டு அவுக மேல பழி போடாதண்ணே" என்று சிரித்தாள். கல்யாணம் நடந்தது. ஞாயிறானால் இருவருமாகப் படகில் போனார்கள்.

ஒரு வருஷம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். "இப்பல்லாம் படகு நேரா போவுதுண்ணே" என்றாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே தொடர்ந்தாள்: "அவுக நைட் ஷிப்டுக்குப் போனா, கட்டில்ல அவுக படுக்கிற பக்கம் தாழுது."

"எந்திரி, நம்ம வீட்டுக்குப் போவோம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"எதுக்குண்ணே? நான் புரண்டு படுத்தா, அதுவே தள்ளிப் படுத்துக்கிடுது" என்றாள். முகத்தில் துளி பயமில்லை.

இன்றைக்கும் அந்த வீட்டுக்குப் போனால் நான் தரையில்தான் உட்காருகிறேன்.