மாம்பூவுக்கு அடிக்கிற மருந்து

நசுங்கிய மூட்டைப்பூச்சியின் வாடையோடு மாந்தோப்பு மருந்தின் நெடியும் கலந்திருந்த அந்த மாசி மாதக் காலையில், ராஜபாளையத்து எங்கள் ஒற்றை அறை வீட்டில் அம்மா இருந்தாள், தலைப்பிரசவத்துக்கு வந்த செல்வியக்கா இருந்தாள், பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத அவள் மகள் இருந்தாள், தேவதானத்திலிருந்து வந்த மாமா இருந்தார், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட நான் இருந்தேன். அப்பா நூல் மில்லில் பகல் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். அத்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார். அவருடைய அம்மா வெள்ளிக்கிழமை குழந்தையைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள், அன்று புதன்.

பிள்ளை பெற்றவள் தரையில் படுக்கக் கூடாது என்று அப்பா பழைய சாமான் கடையில் வாங்கி வந்த மரக்கட்டிலோடுதான் பூச்சிகள் வந்தன. வெயிலில் போட்டோம், கொதிக்கிற தண்ணீரை ஊற்றினோம், மூட்டுகளில் மண்ணெண்ணெய் விட்டோம். அதற்குள் அவை சுவர் வெடிப்புகளுக்குக் குடிபோயிருந்தன. குழந்தையின் தொடையில் வரிசையாகச் சிவப்புத் தடிப்புகளைப் பார்த்த அன்று அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணத்தின்போதே எங்கள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "காத்து எந்த வழியாம்மா வரும்?" என்று கேட்டுப்போனவர் அத்தானின் அம்மா. இந்தத் தடிப்பைக் கண்டால் ஆயுளுக்கும் அக்காவைக் குத்திக்காட்ட ஒரு பேச்சு கிடைத்துவிடும்.

அதனால்தான் அம்மா தன் தம்பியான மாமாவுக்குச் சொல்லி அனுப்பினாள். மாமா மாந்தோப்புக் காவலில் இருந்தார். பூக்கிற காலத்தில் தத்துப்பூச்சிக்கு அடித்த மருந்தில் மிச்சத்தை ஒரு நல்லெண்ணெய் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு, கைப்பம்பையும் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். ஆனால் அந்தப் பாட்டிலில் படிக்க ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு வாசலில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த அக்காவை மாமா சீண்டினார்: "ஏட்டி, மருந்தே வேண்டாம். ஒம் மாமியாவ ஒரு ராத்திரி இந்தக் கட்டில்ல படுக்கப் போட்டாப் போதும், அம்புட்டுப் பூச்சியும் ஊரக் காலி பண்ணிரும்." அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் எங்கள் தெருவில் சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

கட்டில், மெத்தை, சுவர், உத்தரம் எல்லாம் நனைய அடித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். உச்சி வெயிலுக்குப் பிறகு மலைப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பச்சை உடம்புக்காரி மேல் காற்றுப் பட்டால் சீதம் ஏறிவிடும், ஜன்னி கண்டுவிடும் என்று அவளுக்கு ஒரே பயம். எங்கள் தெருவில் அந்தப் பயம் இல்லாத தாய் கிடையாது.

"செத்த நேரம் பொறுக்கா, நெடி போகட்டும்" என்றார் மாமா.

"நீ பஸ் ஏறிப் போயிருவ. பிள்ளைக்குச் சளி பிடிச்சா அவ மாமியாவுக்கு நாந்தானலே பதில் சொல்லணும்?"

அக்காவையும் குழந்தையையும் உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். வழக்கம்போல ஜன்னல் இடுக்கில் பழைய சேலையைத் திணித்தாள், கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். பூச்சி சாக வேண்டுமென்று மூடிய அறையை, பிள்ளை பிழைக்க வேண்டுமென்று மறுபடியும் மூடினோம். மாமா கைப்பம்பைக் கழுவ எடுத்துப் போனார்.

சுவரிலிருந்து பூச்சிகள் உதிர்ந்துகொண்டிருந்ததை அக்காதான் முதலில் காட்டினாள். அம்மா விளக்குமாற்றால் கூட்டி அள்ளிச் சந்தோஷமாக வெளியே கொட்டினாள். பசி நேரம் தாண்டியும் குழந்தை அழவில்லை. நல்ல தூக்கம் என்றோம். தண்ணீர் கொண்டு உள்ளே போனபோது அக்காவின் வாயோரம் எச்சில் வடிந்துகொண்டிருந்தது, ரவிக்கை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. "கண்ணு மங்குது தம்பி, பிள்ளையத் தூக்கு" என்றாள். நான் தூக்கினேன். குழந்தையின் தலை நிற்காமல் என் கையில் துவண்டது. பச்சைக் குழந்தைக்குத் தலை நிற்காதுதான், ஆனால் அது அப்படியில்லை.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாமா வழி நெடுக அந்தப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். டாக்டர் அதை மோந்து பார்த்துவிட்டு, வேறெதுவும் கேட்காமல் ஊசி போடச் சொன்னார். இரண்டு உயிரும் தங்கின. தங்கும் என்று சொல்ல டாக்டருக்கு வெகுநேரம் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மா ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள். திட்டவில்லை. குழந்தையின் தொடையைத் தடவிப் பார்த்தார்கள், தடிப்பு மறைந்திருந்தது. "பூச்சி கடிச்சதுதான? அதுபாட்டுக்கு ஆறியிருக்கும்ல" என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிட்டு, டாக்டர் வீட்டுக்கு விட்ட அன்று ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இருவரையும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனார்கள்.

இப்போது அந்த வீட்டில் இரும்புக் கட்டில் கிடக்கிறது. என் முதல் சம்பளத்தில் சுவரை உடைத்துப் பெரிய ஜன்னல் வைத்தேன். அம்மா அதைச் சாத்துவதே இல்லை, மழைச் சாரல் அடித்தாலும். மூட்டைப்பூச்சியை அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை. அக்கா மகள் நன்றாகப் படிக்கிறாள். பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய தூரம்தான். அக்கா பொங்கலுக்கு வருவாள், வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவாள், பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவாள். இரண்டாவது பிரசவம் அங்கேயே நடந்தது. மாமரங்கள் பூக்கிற மாசியில் மட்டும் அவள் இந்தப் பக்கம் வருவதில்லை. யாரும் கூப்பிடுவதும் இல்லை.

பூச்சி மருந்துக்குக் காசு செலவில்லை, தோப்பில் மிஞ்சியதுதானே. ஆட்டோ, ஆஸ்பத்திரி, ஊசி எல்லாவற்றுக்குமாக அப்பா மில்லில் முன்பணம் வாங்கிக் கட்டியது பதினாலாயிரத்து அறுநூறு ரூபாய்.