அழியாமல் நின்ற கால்வாசி

கடலூர் சிப்காட்டில் நான் ஹெல்பராக இருக்கும் ஆலையில், வாயு கசிந்தால் அலறும் பெட்டி ஒன்று பம்ப் அறைச் சுவரில் உண்டு. அது அடிக்கடி ஹேங் ஆகிறது என்று, செய்துகொடுத்த சிதம்பரத்துக்காரர்கள் ஒரு பெண் இன்ஜினியரை அனுப்பினார்கள். வயரைப் பிடித்துக்கொள்ள என்னை நிறுத்தினார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன், பேசக் கூச்சம். அவராகத்தான் சொன்னார்.

“புரோகிராம் ஒரு வேலைய பாதியில விட்டுட்டு இன்னொண்ணுக்குப் போவும்ணே. விட்ட எடத்த ஸ்டாக்னு ஒரு மெமரியில குறிச்சி வச்சிக்கும். அதுல எடம் பத்தலன்னா ஹேங் ஆயிடும். எவ்ளோ செலவாவுதுன்னு பாக்கணும்.”

ஸ்டாக் முழுவதையும் ஒரே குறியால் நிரப்பி ஓடவிட்டார். குறி எதுவரை அழிகிறதோ அதுவரை செலவு. சோதனை வாயுவைக் காட்டினார். பெட்டி அலறி, தானாக ஓய்ந்தது. அவருடைய லேப்டாப் திரையில் கால்வாசிக் குறி அழியாமல் இருந்தது. மூன்று முறையும் அதேதான்.

“எடம் ஜாஸ்தியாவே இருக்கு” என்று எழுதிக்கொண்டார்.

நாங்கள் யாரும் அது தானாக ஓயும்வரை காத்திருந்ததில்லை. சும்மாவே அலறுகிற பெட்டி என்பதால், சத்தம் வந்ததும் துடைப்பக்கட்டையால் அதை அடக்கும் பட்டனைப் படபடவென்று குத்துவோம். ஹேங் ஆனதெல்லாம் அப்போதுதான். பட்டனைத் தொடக்கூடாது என்று உத்தரவு. இன்ஜினியர் எழுதும்போது சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

என் மனைவியின் தம்பிக்கும் அங்கேதான் வேலை. வெளியே வந்ததும் கேட்டான்.

“என்னா மாமா, கட்டையால குத்தறத சொன்னீங்களா?”

“இல்லடா.”

“பொண்ணு பாக்க வந்தப்பவே எங்கக்காகிட்ட ஒரு வார்த்த பேசல. இந்தம்மாகிட்டயா பேசப் போறீங்க” என்று சிரித்தான்.

அடுத்த மாதம் ஒரு மதியம் நிஜமாகவே கசிந்தது. பம்ப் அறையில் அவன்தான் இருந்தான். பெட்டி அலறியதும் வழக்கம்போல் குத்தினான். வாயு இருந்தால் சற்று நேரத்தில் மறுபடி அலற வேண்டும். ஹேங் ஆகிவிட்டதால் அலறவில்லை. சும்மாதான் என்று நினைத்து வேலையைத் தொடர்ந்திருக்கிறான்.

அந்த இன்ஜினியர் திரும்ப வந்தார். சூப்பர்வைசர் பார்க்கவே, பெட்டி அலறும்போது கட்டையால் குத்திக் காட்டினேன். இன்ஜினியர் திரையைப் பார்த்தார்.

“ஒரு குறி கூட பாக்கி இல்லண்ணே. ஒவ்வொரு குத்துக்கும் வேலைய பாதியில விட்டு விட்டு எடமே பத்தாம போயிருக்கு. அன்னிக்கே சொல்லியிருக்கலாமே.”

அவன் நுரையீரல் வெந்து சிதம்பரம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இரண்டு வார்த்தைக்கு மேல் மூச்சு நிற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மனைவியும் போகிறோம். எந்திரம் சரியில்லாததால் தம்பிக்கு இப்படி ஆயிற்று என்று அவள் எல்லாரிடமும் சொல்கிறாள். அவள் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கிறான். அவனும் அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.