டீக்கடைக்கு எதிரே ஆறு கதவுகள்

ஓசூர் பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் புதிதாகப் படம் வரைந்திருக்கிறார்கள். சேலை கட்டிய ஒரு பெண் குடத்தோடு சிரிக்கிறாள். கீழே, 'தண்ணீரும் தூய்மையும் பெண்கள் கையில்'. உள்ளே எட்டுக் குழாய்கள். ஐந்தில் திருகு இல்லை, இரண்டில் தண்ணீர் இல்லை, மிச்சமிருந்த ஒன்றின் மேல் யாரோ வெற்றிலை துப்பியிருந்தார்கள். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. வீட்டிலும் இதற்காகத் திட்டு வாங்குகிறவன்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன். பினாயில் நெடி மட்டும் கூடவே வந்தது.

அது எனக்குப் பழகிய நெடி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இதே ஓசூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் பயிற்சியாளராக இருந்தேன். கிராமத்துப் பெண்களைக் குடிநீர், கழிப்பறைத் திட்டங்களுக்குத் தலைவிகளாக்க வேண்டும். கல்யாணமாகாத ஒருவனை இந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்தவரின் அறிவை இன்றும் வியக்கிறேன். பயிற்சிக் கூடத்தைத் தினமும் பினாயில் ஊற்றிக் கழுவுவார்கள். பின்னாலிருந்த கழிப்பறையையோ, அதிகாரிகள் வந்தால் வேண்டுமே என்று பூட்டி வைத்திருந்தார்கள். சுகாதாரம் படிக்க வந்த பெண்கள் தொழிற்பேட்டை ஓரத்து முட்புதர்களைத் தேடிப் போனார்கள்.

பாடத்துக்கு வழவழப்பான படங்கள் வந்திருந்தன. முதல் படத்திலேயே சென்னம்மா கேட்டாள்:

"இவ எந்த ஊருக்காரி சார்? கையில ஒரு காப்புகூட காய்க்கல. இவளா பம்பு அடிக்கறா?"

சென்னம்மா தேன்கனிக்கோட்டைப் பக்கம். கொஞ்சம் ராகி நிலம், நிறைய வாய். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னைக் கிண்டல் செய்யத் தமிழ். அவள் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஊர்ப் பெண்கள் ஏரிக்கரைக்குப் போவது இருட்டிய பிறகுதான். பகலில் ஒதுங்க இடமில்லை என்று மத்தியானத்துக்கு மேல் அந்தப் பெண் தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு வந்து, ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் திட்டும் வாங்கியிருந்தாள்.

"கக்கூஸ் வந்துட்டா அவ வயிறு ரொம்ப தண்ணி குடிப்பா சார். எனக்கு அது போதும்" என்றாள் சென்னம்மா.

அவளையே அந்த ஊர்த் திட்டத்துக்குத் தலைவியாக்கினோம். அவள் ஊரில் பெண்கள் கோலமாவால் தரையில் ஊரை வரைந்தார்கள். எங்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் இடத்தைக் குறித்தார்கள். ஊருக்குப் பின்னால், கைப்பம்புக்குப் பக்கம், கதவுகள் ஏரியைப் பார்த்து. எங்கள் இயக்குநர் கைதட்டினார், பல கோணங்களில் போட்டோ எடுத்துக்கொண்டார்.

கட்டியது எங்கே தெரியுமா? தார் ரோட்டின் மேல், டீக்கடைக்கு நேர் எதிரே. ஆறு அறைகள், ஆறு கதவுகளும் பெஞ்சுகளைப் பார்த்து. ஏரிப்பக்கம் ஜீப் போகாதாம். திறந்து வைக்க வரும் அதிகாரி இறங்கி நடக்க வேண்டுமாம். ரோட்டுமேல் இருந்தால் ஊருக்குக் கௌரவம் என்றார் பஞ்சாயத்துத் தலைவர். பீடிப்புகைக்கு நடுவே, யார் செம்போடு போகிறாள், எப்போது வருகிறாள் என்று ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்கும் கௌரவம்!

திறப்பு விழாவன்று அதிகாரி பெருந்தன்மையோடு கத்தரிக்கோலை நீட்டினார். "தலைவியே வெட்டட்டும்."

சென்னம்மா அதை வாங்கவில்லை. டீக்கடைப் பக்கம் திரும்பினாள். "எந்திரிங்கப்பா, நாங்க கொஞ்சம் ஒக்கார்றோம்." பெண்கள் பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பிறகு அதிகாரியிடம் சொன்னாள்:

"மொதல்ல நீங்க போய்ட்டு வாங்க சார். செம்புல தண்ணி இருக்குது, எடுத்துக்கினு போங்க. நாங்க இங்க ஒக்காந்து பாத்துக்கினு இருக்கறோம்."

"நாச்சிகெ ஆகுத்தா சார்?" என்று கன்னடத்தில் ஒரு குரல். வெட்கமா இருக்கா என்று. ஆண்களே சிரித்துவிட்டார்கள், பிறகு தலைவரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். ஜீப் கிளம்பிவிட்டது. ரிப்பன் அப்படியே தொங்கியது.

"என்னய்யா ட்ரெய்னிங் குடுத்த நீ?" என்று இயக்குநர் என்மேல் பாய்ந்தார். என் வேலைக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அதுதான்.

அடுத்த கூட்டத்தில் தலைவி மாறினாள். பஞ்சாயத்துத் தலைவரின் மனைவியைப் போட்டார்கள். அவர் வீட்டில் இருந்தார், அவருக்குப் பதில் கணவர் வந்தார். அறைகளில் ஒன்றில் டீக்கடை விறகு, இரண்டில் வெங்காய மூட்டைகள், மூன்றில் பூட்டு. எங்கள் அறிக்கையில் ஆறும் பயன்பாட்டில் இருந்தன. சென்னம்மாவின் மகள் பிள்ளை பெற்றுப் புருஷன் ஊரான மாலூருக்குப் போனவள், இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வர மறுத்துவிட்டாள்.

சில வருடம் கழித்து அந்தப் பக்கம் போனேன். ஏரிக்கு அக்கரையில் ஒரு கம்பெனி வந்திருந்தது. மூன்று ஷிப்டு. மதில் நெடுக உயரமான கம்பங்களில் மஞ்சள் விளக்குகள், பொழுது சாய்ந்தால் விடியும்வரை.

"இந்தக் கரையில ஊசி விழுந்தாகூட எடுக்கலாம் சார், அவ்ளோ வெளிச்சம்" என்றாள் சென்னம்மா. இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

எந்த அதிகாரியும் திறந்து வைக்காமல் அந்தப் பெண்களுக்கு இருந்தது இருட்டு ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொண்டார்கள்.