ராசாத்தி அத்தை எடுத்த பொட்டலம்

"பெண் மனமுவந்து சம்மதித்தாள்" என்று 1961 வைகாசியில் அப்பா தன் நாட்குறிப்பில் குறித்துவைத்திருக்கிறார். இன்று பூச்சந்தையில் ஈர வாழையிலையில் கட்டிய அரளியைப் பார்த்ததும் அந்த நாள் நினைவுக்கு வந்தது.

மனைவியை இழந்த தாய்மாமனைக் கட்டமாட்டேன் என்றாள் அப்பாவின் தங்கை ராசாத்தி. கன்னிவாடிக் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தோம். இரண்டு இலைப் பொட்டலங்கள். வெள்ளை வந்தால் கல்யாணம், சிவப்பு வந்தால் இல்லை.

"ஏத்தா, ஒன்னைய யாரும் கட்டாயப்படுத்தல. நீயே எடு," என்றார் தாத்தா.

"செவப்பு வந்தா விட்டுருவீகளாப்பா?"

"சாமி சொன்னா சரிதான்."

அவள் எடுத்ததில் வெள்ளை அரளி இருந்தது. "அதையும் பிரிங்க," என்று கை நீட்டினாள்.

"சாமியவே சோதிக்கிறியா, கழுத?" தாத்தா மற்றதை மடியில் செருகிக்கொண்டார்.

ஆடி முடியுமுன் அவளைக் கிணற்றிலிருந்து தூக்கினார்கள். இரண்டாவது பொட்டலத்தில் என்ன பூ இருந்தது என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.