வரப்போகும் கேம்களும் ஜமீலா அக்காவின் கோபமும்

கடந்த செவ்வாய்க்கிழமை பிற்பகல், நான் வேலை பார்க்கும் வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, உத்திரமேரூர் பஜாரில் கடைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்து பார்த்தேன். முனையில் இருக்கும் வியாபாரிகள் சங்கத்துக் கரும்பலகையில் ஒருவர் சாக்பீஸால் எழுதிக்கொண்டிருந்தார்: "நம் சங்க உறுப்பினர், வளையல் கடை கரீம் பாய் அவர்களின் துணைவியார் இன்று காலமானார்."

காலையில்தான் அவரோடு பேசிவிட்டு வந்திருந்தேன். மதியம் நெஞ்சு வலிக்கிறது என்றாராம். வாடகைக் கார் வைத்துக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது.

"அவங்க பேரு எழுதலையா?" என்று எழுதியவரைக் கேட்டேன்.

"பாய் பேரு போட்டுகீதே ம்மா. அதான் எல்லாருக்கும் தெரியுமே" என்று கையில் ஒட்டியிருந்த பொடியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவருடைய பெயர் ஜமீலா. இந்த ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் சிலருக்கு வளையல் நினைவுக்கு வரும். எங்களுக்கு வீடியோ கேம் நினைவுக்கு வரும். ஒரு பெண் இறந்த நாளில் அவர் பெயரை எழுதக்கூட இடமில்லாத பலகையைப் பார்த்த கோபத்தில்தான் இதை எழுதத் தொடங்குகிறேன். அவரை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அறியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

புள்ளலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலைக்காக நான் உத்திரமேரூர் வந்து குடியேறியது, ஊரில் ஒருசில வீடுகளில் மட்டும் டிவி இருந்த காலம். ஒருநாள் மாலை கொண்டை ஊசி வாங்க வளையல் கடைக்குப் போனேன். கடைக்குப் பின்னாலேயே வீடு. உள்ளேயிருந்து ஒரு பெண்மணி, "ஏமாத்துக்காரப் பசங்க! நாக்கு அழுகிப் பூடும்!" என்று கத்துவது கேட்டது. யாரோ திருடன் புகுந்துவிட்டான் என்று பயந்துபோனேன். கல்லாவில் இருந்த கரீம் பாய் சிரித்தார். "ஒண்ணுமில்ல ம்மா. கேம் ஆடிக்கினு கீறாங்க. உள்ள போய்ப் பாரு" என்றார்.

உள்ளே கறுப்பு வெள்ளை டிவிக்கு முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தார் ஜமீலா அக்கா. அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். சார்ஜாவில் வேலை பார்த்த அவருடைய அண்ணன் கொண்டுவந்து கொடுத்த கேம் பெட்டி டிவியோடு இணைக்கப்பட்டிருந்தது. கையில் ஆட்டத்தை நகர்த்தும் அதன் குச்சி. முன்பின் தெரியாத என்னிடம் ஒரு கேம் கேசட்டின் அட்டைப் பெட்டியை நீட்டினார்.

"வா ம்மா, நீயே சொல்லு. இதுல இன்னா கீது?"

குதிரைமேல் வாளோடு பாயும் வீரனின் வண்ணப்படம். சொன்னேன்.

"இப்போ டிவில இன்னா கீது?"

பார்த்தேன். மூன்று வெள்ளைக் கட்டங்கள் இடமும் வலமும் நகர்ந்துகொண்டிருந்தன.

"அதுல எது குதுரை, எது ஆளு? படம் வரைஞ்சவனும் கேம் பண்ணவனும் ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாத்ததே இல்ல. கேக்க ஆளில்லன்னு நெனச்சிக்கினாங்க" என்றார். பிறகு என்னை உட்காரச் சொல்லி, சாப்பிட நாஷ்டா கொடுத்து, குச்சியையும் என் கையில் கொடுத்தார். அன்று ஏற்பட்ட நட்பு.

அவர் தமிழில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அவருடைய அண்ணன், ஊருக்கு வரும் யாரிடமாவது ஆங்கிலப் பத்திரிகைகளைக் கொடுத்தனுப்புவார். அவற்றில் கேம் பற்றிய பக்கங்கள் இருக்கும். எது வந்திருக்கிறது, எது வரப்போகிறது, எது தள்ளிப்போயிருக்கிறது என்றெல்லாம் போட்டிருப்பார்கள். நான் படித்துத் தமிழில் சொல்வேன். வெளிநாட்டில் பழையதாகிப்போன செய்திதான். எங்களுக்கு அதுதான் சுடச்சுடச் செய்தி.

வெள்ளிக்கிழமை மதியம் கரீம் பாய் தொழுகைக்குப் போகும்போது கடை மூடியிருக்கும். அந்த நேரத்தில் பஜார் பெண்கள் ஏழெட்டுப் பேர் பின்கட்டில் கூடத் தொடங்கினார்கள். பூக்காரப் பெண்மணி வருவார். அரிசி மண்டிக்காரரின் மனைவி வள்ளியம்மா வருவார். ஆளுக்கு ஒரு முறை ஆடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் நான் செய்தி படிப்பேன். ஒவ்வொன்றுக்கும் அக்கா தீர்ப்புச் சொல்வார்.

இளவரசியைக் காப்பாற்றும் புதிய கேம் ஒன்று வரப்போகிறது என்று ஒருநாள் படித்தேன். "எத்தினி வாட்டி அந்தப் பொண்ணைத் தூக்கிக்கினு போவான்? அவளுக்குக் காலு இல்லியா, அவளே இறங்கி ஓடி வரக் கூடாதா?" என்று அக்கா சீறினார். நன்றாக விற்ற ஒரு கேமின் அடுத்த பாகம் வருகிறது என்றேன். "அதே கேமுக்கு வேற சட்டை போட்டு இட்டாருவான். வாங்காதீங்க" என்றார். எங்களில் யாருமே வாங்கப்போவதில்லை. வாங்கக் கடையும் கிடையாது. இருந்தாலும், ஒருவரும் தன்னால் ஏமாந்துவிடக் கூடாது என்று அவ்வளவு பொறுப்பாகச் சொல்வார்.

ஒரே ஒரு கேமைப் பற்றி மட்டும் அவர் கோபமில்லாமல் பேசினார். ஒரு குகைக்குள் இறங்கி, அறை அறையாகப் போய், போன வழியை நினைவில் வைத்துக்கொண்டு திரும்பி வரவேண்டிய கேம் அது. அதில் சண்டை குறைவு, யோசனை அதிகம் என்று எழுதியிருந்தார்கள். "வரும் கோடையில்" என்று போட்டிருந்தது. கோடை போனது. அடுத்த பத்திரிகையிலும் "வரும் கோடையில்" என்றே இருந்தது. "எந்தக் கோடைன்னு கேளு ம்மா. நம்ப ஊரு கோடையா, அவன் ஊரு கோடையா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார், நானே அதைத் தயாரிப்பவள் போல. ஆனாலும் காத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் கோயில் திருவிழா வந்தது. அரிசி மண்டிக்காரர் அப்போது வியாபாரிகள் சங்கத் தலைவர். அவர் வெளியூரிலிருந்து ஒருவரை அழைத்துவந்து, மைதானத்தில் கூடாரம் போட்டு, கலர் டிவியில் வீடியோ கேம் காட்ட ஏற்பாடு செய்தார். நோட்டீஸ் அடித்தார்கள். அதில் அக்கா காத்திருந்த அதே குகை கேமின் பெயர் இருந்தது.

அக்கா வீடு வீடாகப் போனார். "வந்துடிச்சி! எல்லாரும் வாங்க. நான் சொல்றேன், நல்லா இருக்கும்" என்றார். எதையுமே நம்பாதே என்று இத்தனை நாள் சொன்னவர் நம்பச் சொன்னதால், டிக்கெட் வாங்கிக்கொண்டு பெண்கள் கூட்டமாக வந்தார்கள். ஐயங்கார்குளத்திலிருந்து தன் மகளையும் வரவழைத்திருந்தார் வள்ளியம்மா.

டிவியில் படம் வந்தது. முதல் இசை ஒலித்ததுமே அக்காவின் முகம் மாறியது. எங்கள் பின்கட்டில் நாங்கள் பலமுறை ஆடிச் சலித்த பழைய கேம் அது. அக்கா எழுந்து நேராக முன்னால் போனார்.

"இது அது இல்ல" என்றார்.

"புதுசு தாம்மா. உங்களுக்கு இன்னா தெரியும்? போய் உக்காருங்க" என்றார் கூடாரக்காரர்.

அக்கா பெட்டியிலிருந்து கேசட்டை உருவினார். மேலே ஒட்டியிருந்த தாளை நகத்தால் கிழித்தார். அடியில் பழைய பெயர் பளிச்சென்று இருந்தது. அதைத் தூக்கிப் பிடித்துக் கூடாரமே அதிரும்படி கத்தினார். "என்னை ஏமாத்துனா பரவால்ல. என் பேச்சைக் கேட்டு வந்தாங்களே இவங்க, என் வாயாலயே இவங்களை ஏமாத்திட்டியே! அதுக்குப் பதில் சொல்லு!"

அரிசி மண்டிக்காரர்தான் எழுந்தார். ஏமாற்றியவரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆண்கள் பக்கத்தில் இருந்த கரீம் பாயைப் பார்த்து, "பாய், உங்க வூட்டு அம்மாவை இட்டுக்கினு போங்க. பொம்பள இப்டி நடு சபையில கத்தறது இன்னா பழக்கம்?" என்றார்.

மறுநாள் சங்கத்தில் கரீம் பாயைக் கூப்பிட்டு, அக்கா மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். கரீம் பாய் அதிர்ந்து பேசாதவர். அன்றும் அதிராமல்தான் பேசினார். "அவ சொன்னது பொய்யின்னு யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க. இப்பவே இட்டாந்து மன்னிப்பு கேக்கச் சொல்றேன்." மன்னிப்புப் பேச்சு அதோடு முடிந்தது. அவர் எழுந்து கடைக்கு வந்துவிட்டார்.

நேரில் வெல்ல முடியாதவர்கள் வேறு வழியில் வந்தார்கள். 'பொம்பளைங்க கூடி டிவியில ஆட்டம் ஆடுற வூடு' என்று ஒரு பேச்சு பஜாரில் கிளம்பியது. ஆட்டம் என்ற சொல்லை எப்படி அழுத்திச் சொன்னார்கள் என்பதை நான் எழுத விரும்பவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நான் மட்டும்தான். என் அண்ணன் கூட ஊரிலிருந்து வந்து, "அங்க போகாத" என்றார். போகத்தான் செய்தேன்.

ஊரை ஏமாற்றியவர் திருவிழா முடியும் வரை கூடாரம் நடத்திவிட்டு, மாலை மரியாதையோடு போனார். அக்கா அழுது நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன், அது அந்த நாட்களில்தான். "ஏமாத்துனவனை விட்டுட்டாங்க சாந்தி. கேட்டவளைப் புடிச்சிக்கினாங்க" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, படி. அந்தக் குகை கேம் இன்னா ஆச்சி?" என்றார்.

நாலைந்து வருடம் கழித்து, சென்ற ஆண்டுதான் அது வந்தது. அக்காவின் சார்ஜா அண்ணனே விடுமுறையில் கொண்டுவந்தார். அலுவலகத்துக்கு ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார் அக்கா. அட்டைப் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேசட்டைச் செருகினார். முதல் அறை, இரண்டாவது அறை என்று இறங்கிக்கொண்டே போனார். திட்டவில்லை, பேசவில்லை. வழி தவறினார், திரும்பினார், மறுபடி இறங்கினார். கடைசியில் குச்சியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நல்லா கீது சாந்தி. சொன்னா மாதிரியே கீது."

அப்போது அவர் முகம் இருந்த இருப்பை எனக்கு எழுதத் தெரியவில்லை. உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "எங்க அக்கா?" என்றேன். "அன்னிக்கு என் பேச்சைக் கேட்டு வந்தவங்களுக்கு நான் பதில் சொல்ல வேணாமா?" என்றார்.

மறுபடியும் வீடு வீடாகப் போனோம். அரிசி மண்டிக்காரர் வீட்டில் அவரே கூடத்தில் உட்கார்ந்திருந்தார். "இன்னா விஷயம்?" என்றார். அக்கா பணிவாகத்தான் சொன்னார். "கேம் வந்துகீதுங்க. அன்னிக்கு உங்க கூடாரத்துல வர வேண்டியது. வள்ளியம்மா அக்காகிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்." அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். அந்த வெள்ளிக்கிழமை முதலில் வந்தவர் வள்ளியம்மாதான். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். போன வாரம் வரை வந்துகொண்டிருந்தார்கள்.

இறப்புக்கு அடுத்த நாள் மாலை, சங்கத்தின் சார்பில் பஜாரில் இரங்கல் கூட்டம் நடந்தது. அரிசி மண்டிக்காரர் பேசினார். "மறைந்த அம்மையார் அடக்கமே உருவானவர். அவர் குரல் உயர்த்திப் பேசி இந்தப் பஜாரில் ஒருவரும் கேட்டதில்லை" என்றார். உயிரோடு இருந்தபோது வாயை மூடச் சொன்னவர்கள், இறந்த பிறகு அவருக்கு வாயே இருந்ததில்லை என்று சொல்கிறார்கள்.

நான் எழுவதற்குள் பெண்கள் வரிசையிலிருந்து வள்ளியம்மா எழுந்துவிட்டார். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மைக் இல்லாமலே பேசினார்.

"செத்தவங்களைப் பத்திப் பொய் சொல்லாதீங்க. அவங்க கத்துனாங்க. கூடாரத்துல எல்லார் எதுருலயும் கத்துனாங்க. நெசத்துக்குத்தான் கத்துனாங்க. நீங்களும் கேட்டீங்க, நானும் கேட்டேன். அவங்க பேரு ஜமீலா. அதையாவது சொல்லிட்டு உக்காருங்க."

அரிசி மண்டிக்காரர் கையிலிருந்த மைக்கைப் பார்த்துக்கொண்டே நின்றார். கரீம் பாய் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பிறகு துண்டை எடுத்துவிட்டு, "ஆமாங்க. அவ கத்துவா. அதான் என் ஜமீலா" என்றார். கூட்டம் கலைந்தது.

பெண்கள் நாங்கள் சேர்ந்தே பஜார் வழியாக நடந்து வந்தோம். பூக்காரப் பெண்மணி அக்காவைப் போலவே கையை ஆட்டி, அக்கா திட்டிய திட்டு ஒன்றைச் சொல்லிக் காட்டினார். வள்ளியம்மா அழுதுகொண்டே சிரித்தார். இன்னொருவர் வேறொன்றைச் சொன்னார். தெருவில் இறந்த வீட்டுத் துக்கத்தோடு போகிறவர்கள் இப்படியா சத்தம் போடுவார்கள் என்று கடைகளில் தராசுக்குப் பின்னாலிருந்து தலைகள் நிமிர்ந்தன. நாங்கள் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

ஜமீலா அக்கா, உங்கள் கோபத்தில் ஒரு துளி பொய் இருந்ததில்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள்.